ஜூலை 8 – அத்தியாயம் 1: ஊதாத விசில்

உலகக் கோப்பை நடக்கும் ஆண்டுகளில் ஜூலை 8 ஜெர்மனியின் நாள். 1982-ல் செவில்யா, 1990-ல் ரோம், 2006-ல் ஷ்டுட்கார்ட், 2014-ல் பெலோ ஹொரிசோன்ட்டே. நான்கு ஊர்களிலும் அதே தேதியில் ஜெர்மானியர்கள் களமிறங்கினார்கள். நான்கிலும் தோற்காமல் வெளியே வந்தார்கள். ஒன்றில் உலகக் கோப்பையே கைக்கு வந்தது. இன்னொன்றில் கோப்பையை நடத்திய நாடே கண்ணீர்விட்டது. ஆனால் இந்த வரிசையில் முதலாவதான செவில்யா வெற்றிதான் அவர்களை நெடுங்காலம் துரத்தியது. தொடரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1982 ஜூலை 8, வியாழக்கிழமை. ஸ்பெயினின் தெற்கே செவில்யா நகரம், சான்செஸ் பிஸ்குவான் அரங்கம். இரவு ஒன்பது மணிக்கு அரையிறுதி. ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் மேற்கு ஜெர்மனி. படிகளில் சுமார் 70,000 பேர்.

அந்த உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை ரசித்தவர்கள் குறைவு. முதல் ஆட்டத்திலேயே அல்ஜீரியாவிடம் 2-1 என்று தோற்றிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, விளையாட்டில் தோல்வி வரும். ஜூன் 25 அன்று கிகோனில் நடந்ததைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தைய நாளே முடித்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவை வென்றால் இந்த இரண்டு அண்டை நாடுகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா ஊருக்குத் திரும்ப வேண்டும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. மீதி எண்பது நிமிடம் இரண்டு அணிகளும் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு பொழுதைப் போக்கின. அல்ஜீரிய ரசிகர்கள் படிகளில் நின்று பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். அந்த வெட்கக்கேட்டால்தான் பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் பிறகு வந்தது.

அன்று கிகோனில் அந்த ஒரே கோலைப் போட்டவர் ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ். ஹாம்பர்க் அணியின் நெட்டையான முன்கள வீரர். தலையால் முட்டிக் கோல் போடுவதில் பேர் போனவர். செவில்யாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அருகே இன்னொருவர், அணித் தலைவர் கார்ல்-ஹைன்ஸ் ருமெனிகே. 1980, 1981 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதை வாங்கியவர். காயம் காரணமாக முதல் பதினொருவரில் அவர் இல்லை.

பிரான்ஸைப் பார்ப்பது வேறு அனுபவம். மிஷெல் பிளாட்டினி, ஆலன் ஜிரெஸ், ஜான் டிகானா, பெர்னார் ஜெங்கினி என்று நடுக்களத்தில் நான்கு பேர். ஜிரெஸின் உயரம் 163 சென்டிமீட்டர்தான். இந்த நால்வருக்கும் பந்தைத் தட்டிக்கொடுப்பதுதான் மூச்சு. பயிற்சியாளர் மிஷெல் இடால்கோ அவர்களைக் கட்டிப்போடவில்லை. தற்காத்து ஜெயிக்கத் தெரியாத அணி என்று அவர்களைச் சொன்னால் அது வசையாகாது. அந்த இரவின் முடிவில் அதுவே அவர்கள் கதையானது.

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் இரண்டே இரண்டு மாற்று வீரர்களைத்தான் இறக்கலாம். கூடுதல் நேரம் வந்தாலும் அதே இரண்டுதான். செவில்யாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு மோதலைப் பற்றி எழுதுவார்கள். நானும் எழுதுவேன். ஆனால் அந்த மோதல் ஆட்டத்தை எப்படித் திருப்பியது என்பதை இந்த இரண்டு என்ற கணக்கை வைத்துத்தான் விளக்க முடியும்.

முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடலாம். 17-வது நிமிடத்தில் பால் பிரைட்னர் பிரெஞ்சுத் தற்காப்பைப் பிளந்து பந்தைக் கொண்டுவந்தார். கிளாவுஸ் ஃபிஷரை பிரெஞ்சு கோல்கீப்பர் எட்டோரி தடுத்தார். தெறித்து வந்த பந்தை பியர் லிட்பார்ஸ்கி வலைக்குள் அடித்தார். பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. பெனால்டி பகுதிக்குள் பிரெஞ்சு வீரர் ரோஷ்டோவைப் பிடித்து இழுத்தார்கள், நெதர்லாந்தைச் சேர்ந்த நடுவர் சார்லஸ் கோர்வர் விசில் ஊதினார், பிளாட்டினி பெனால்டியைக் கோலாக்கினார். 1-1.

இடைவேளைக்குப் பிறகு, 50-வது நிமிடத்தில் ஜெங்கினி வெளியே வந்தார். உள்ளே போனவர் பாட்ரிக் பாட்டிஸ்டன். செயின்ட் எட்டியென் கிளப்பில் பிளாட்டினியோடு ஆடிய தற்காப்பு வீரர். பிரான்ஸின் முதல் மாற்று அவர்.

அவர் களத்தில் பத்து நிமிடம் முழுதாக இருக்கவில்லை.

★

நடுக்களத்திலிருந்து பிளாட்டினி ஒரு நீண்ட பாஸ் கொடுத்தார். இரண்டு ஜெர்மானியத் தற்காப்பு வீரர்களுக்கு நடுவே விழுந்து உருண்ட பந்தை நோக்கிப் பாட்டிஸ்டன் பாய்ந்தார். எதிரே கோல்கீப்பர் ஹரால்ட் ஷூமாக்கர். 'டோனி' என்று கூப்பிடுவார்கள், கொலோன் கிளப்பின் ஆள். அவர் கம்பத்தை விட்டு ஓடி வந்தார். பாட்டிஸ்டன் முதலில் பந்தை எட்டினார், அடித்தார். பந்து கோல்கீப்பரைக் கடந்து கம்பத்துக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. அதாவது பந்து போய்விட்டது. ஷூமாக்கர் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. துள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடுப்பால் பாட்டிஸ்டனின் முகத்தில் மோதினார்.

பாட்டிஸ்டன் விழுந்தார். அசைவில்லை. பற்கள் போயிருந்தன, முள்ளெலும்பு ஒன்று சேதமடைந்திருந்தது, நினைவு தப்பியிருந்தது. அவர் இறந்துவிட்டதாகவே நினைத்தேன் என்று பிளாட்டினி பிறகு சொன்னார். ஸ்ட்ரெச்சர் வந்து சேரும்வரை பிரெஞ்சு வீரர்கள் சுற்றி நின்றார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது பிளாட்டினி கூடவே நடந்தார், நண்பனின் கையை விடவில்லை.

ஷூமாக்கர் அந்தப் பக்கம் வரவில்லை. கோல் கிக் எடுக்கத் தயாராகக் காத்திருந்தார்.

ஆம், கோல் கிக். கோர்வர் விசில் ஊதவில்லை. பெனால்டி இல்லை, ஃப்ரீ கிக் இல்லை, மஞ்சள் அட்டைகூட இல்லை. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, கோல்கீப்பர் அதை எடுத்து உதைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அன்றைய விதிப்புத்தகத்திலும் இதற்குச் சிவப்பு அட்டை உண்டு. நடுவர் பார்க்கத் தவறினாரா, பார்த்தும் வேறாக எண்ணினாரா என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மௌனம் யாருக்கு என்ன கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

கணக்குப் பாருங்கள். பாட்டிஸ்டனுக்குப் பதிலாக கிறிஸ்டியான் லோப்பெஸ் உள்ளே வந்தார். பிரான்ஸின் இரண்டாவது மாற்று. ஒரு மணி நேரத்துக்குள் இடால்கோவின் கை காலி. இனி யாருக்குத் தசை பிடித்தாலும், யார் களைத்து நின்றாலும் ஆள் மாற்ற முடியாது. மறுபக்கம் ஜெர்மானியப் பயிற்சியாளர் யுப் டெர்வாலிடம் இரண்டு மாற்றுகளும் அப்படியே இருந்தன. ஷூமாக்கர் வெளியேற்றப்பட்டிருந்தால், பத்துப் பேரோடு ஆடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு கோல்கீப்பரை இறக்க டெர்வால் ஒரு மாற்றைச் செலவிட்டிருக்க வேண்டும். பெஞ்சில் இருந்த ஹ்ரூபெஷ், ருமெனிகே இருவரில் ஒருவருக்கு அந்த இரவு பெஞ்சிலேயே முடிந்திருக்கும்.

எந்த ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதை இன்னும் சற்று நேரத்தில் நீங்களே சொல்வீர்கள்.

★

73-வது நிமிடத்தில் டெர்வால் முதல் சீட்டை இறக்கினார். மாகாத் வெளியே, ஹ்ரூபெஷ் உள்ளே. கோல் விழவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸின் இருபது வயது மனுவேல் அமொரோஸ் தூரத்திலிருந்து விட்ட அடி கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் தாழ்ந்திருந்தால் பிரான்ஸ் இறுதியாட்டத்தில். 90 நிமிடம் முடிந்தது, 1-1. முப்பது நிமிடம் கூடுதல் நேரம்.

92-வது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து ஜிரெஸ் ஃப்ரீ கிக்கைத் தூக்கிக் கொடுத்தார். குவாதலூப்பில் பிறந்த மரியுஸ் ட்ரெஸோர், தற்காப்பு வீரர், காவலுக்கு ஆளில்லாமல் பெனால்டி பகுதிக்குள் நின்றிருந்தார். பந்து தரையைத் தொடுமுன் அடித்தார். 2-1.

டெர்வால் திரும்பி ருமெனிகேயைப் பார்த்தார். முழு உடல்தகுதி இல்லாத தலைவரை அரை மணி நேரம் ஓடவிடுவது சூதாட்டம். ஆனால் வேறு வழி இல்லை. 97-வது நிமிடம், பிரீகல் வெளியே, ருமெனிகே உள்ளே. அவர் களத்தில் காலூன்றுவதற்குள் 98-வது நிமிடத்தில் ஜிரெஸ் பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து வலக்காலால் அடித்த பந்து கம்பத்தின் உட்பக்கம் பட்டு உள்ளே போனது. 3-1. ஜிரெஸ் கைகளை ஆட்டிக்கொண்டு, தலையை உலுக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை பிரான்ஸில் இன்றும் மறக்கவில்லை.

இன்னும் இருபத்திரண்டு நிமிடங்கள். இரண்டு கோல் முன்னிலை. உலகக் கோப்பை வரலாற்றில் முதல்முறையாக இறுதியாட்டத்துக்குள் நுழைய பிரான்ஸ் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆட்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, கடிகாரத்தை ஓடவிடுவது. கிகோனில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் எண்பது நிமிடம் செய்து காட்டிய அதே வேலை. பிரான்ஸுக்கு அது வரவில்லை. நான்காவது கோலைத் தேடி முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். இதை அவர்களுடைய முட்டாள்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு வாரத்தை நெருங்கிய போட்டியில், ஜூலைப் புழுக்கத்தில், நூறு நிமிடம் ஓடிய கால்கள் அவை. களைத்த கால்கள் பழகிய வழியில்தான் போகும். புதிதாக ஒரு தற்காப்பு வீரரை உள்ளே விட்டு ஆட்டத்தைப் பூட்டியிருக்கலாம். இடால்கோவின் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், இறக்க அனுமதி இல்லை. அந்த அனுமதி ஸ்ட்ரெச்சரில் போய்விட்டது.

102-வது நிமிடம். இடப்பக்கத்திலிருந்து லிட்பார்ஸ்கி பந்தைக் கொடுத்தார். ஐந்து நிமிடம் முன்பு உள்ளே வந்த ருமெனிகே கம்பத்தின் அருகே காலை நீட்டி அதைத் திசை திருப்பினார். 3-2.

108-வது நிமிடம். மறுபடி லிட்பார்ஸ்கி இடப்பக்கத்திலிருந்து தூக்கினார். தூரத்துக் கம்பத்தருகே ஹ்ரூபெஷ் எழும்பித் தலையால் பந்தைக் குறுக்கே திருப்பினார். கோலுக்கு முதுகு காட்டி நின்ற கிளாவுஸ் ஃபிஷர் அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலே காலைச் சுழற்றி அடித்தார். அந்த வித்தைக்கே பெயர் பெற்றவர் ஃபிஷர். 3-3.

இந்த இரண்டில் முதல் கோலைப் போட்டவர் ஒரு மாற்று வீரர். இரண்டாவதை எடுத்துக் கொடுத்தவர் இன்னொரு மாற்று வீரர். நான் சொன்ன கணக்கு இதுதான்.

★

இரண்டு மணி நேரம் ஆடியும் முடிவில்லை. உலகக் கோப்பை வரலாற்றில் அதுவரை நடந்திராத ஒன்று அன்று நடந்தது: பெனால்டி ஷூட் அவுட். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு நிலைமை வந்தபோது நாணயத்தைச் சுண்டினார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் யூனியனை இத்தாலி அப்படித்தான் வென்றது. நாணயத்தைவிட இது மேல்தான். ஆனால் நாணயம் தவறாக விழுந்தால் எந்த வீரனும் வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஜிரெஸ் அடித்தார், கோல். கால்ட்ஸ், கோல். அமொரோஸ், கோல். பிரைட்னர், கோல். ரோஷ்டோ, கோல். பிரான்ஸ் 3, ஜெர்மனி 2. அடுத்து ஊலி ஷ்டீலிகே. ரியல் மாட்ரிட்டில் ஆடிக்கொண்டிருந்த அனுபவசாலி. அவர் அடித்ததை எட்டோரி பிடித்துவிட்டார். ஷ்டீலிகே அங்கேயே சுருண்டு விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். லிட்பார்ஸ்கி ஓடிப்போய் அவரைத் தூக்கி அணைத்தபடி அழைத்து வந்தார்.

பிரான்ஸின் அடுத்த ஆள் டிடியே சிக்ஸ். இவர் அடித்தால் 4-2, ஏறக்குறைய முடிந்த மாதிரி. அவர் அடியை ஷூமாக்கர் தடுத்தார். பாட்டிஸ்டனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அதே ஷூமாக்கர். அந்தக் கணத்தில் பிரெஞ்சு வீரர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

லிட்பார்ஸ்கி அடித்தார், 3-3. பிளாட்டினி, 4-3. ருமெனிகே, 4-4. ஐந்து ஐந்து முடிந்தும் சமம். இனி ஒவ்வொன்றாக. பிரான்ஸுக்காக மாக்ஸிம் போஸிஸ் வந்தார், தற்காப்பு வீரர். 120 நிமிடமும் ஆடியவர். அவர் அடித்த பக்கமே ஷூமாக்கர் பாய்ந்து தட்டிவிட்டார். போஸிஸ் அப்படியே குந்தினார். ஜெர்மனிக்காக வந்தவர் ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ். கிகோனின் அந்தக் கோலைப் போட்டவர். வந்தார், அடித்தார், முடிந்தது. 5-4.

மூன்று நாள் கழித்து மாட்ரிட்டில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெர்மனி இத்தாலியிடம் 3-1 என்று தோற்றது. நீதி கிடைத்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் பலர் ஆறுதல் அடைந்தார்கள். ஆனால் தோல்வியைவிட அவர்களைப் புண்படுத்தியது ஷூமாக்கர் ஆட்டம் முடிந்ததும் சொன்ன பதில். பாட்டிஸ்டனுக்குப் பற்கள் போய்விட்டன என்று செய்தியாளர்கள் சொன்னபோது, அவ்வளவுதான் என்றால் பல் கட்டும் செலவை நான் தருகிறேன் என்கிற பாணியில் பேசிவிட்டார். இரண்டு உலகப் போர்களின் தழும்பு மறையாத இரு நாடுகள். விவகாரம் முற்றாமலிருக்க ஜெர்மானியப் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் சேர்ந்து அறிக்கைவிட வேண்டியிருந்தது. ஷூமாக்கர் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பாட்டிஸ்டன் மன்னித்தார். அவர் பெரிய மனிதர்.

1984-ல் பிரான்ஸ் சொந்த மண்ணில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிளாட்டினி மட்டும் ஒன்பது கோல். காயம் ஆறிவிட்டது போலத் தோன்றியது. 1986-ல் மெக்ஸிகோவின் குவாதலஹாராவில் மறுபடி உலகக் கோப்பை அரையிறுதி, மறுபடி அதே இரண்டு அணிகள். ஷூமாக்கரும் இருந்தார், பாட்டிஸ்டனும் இருந்தார், போஸிஸும் இருந்தார். இம்முறை சர்ச்சை இல்லை, வாதம் இல்லை. ஜெர்மனி 2-0. ஒன்பதாவது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் போட்டவர் ஆண்ட்ரியாஸ் பிரேமே. கடைசி நேரத்தில் இரண்டாவதைப் போட்டவர் ரூடி ஃபோலர்.

இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். கூடவே இன்னொரு பெயர், லோத்தார் மத்தேயஸ். 1982 ஜெர்மானிய அணியில் இடம்பெற்றும் செவில்யாவில் களமிறங்காத 21 வயது இளைஞர்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே தேதி. 1990 ஜூலை 8, ரோம், ஒலிம்பிக் அரங்கம். இப்போது அரையிறுதி இல்லை, இறுதியாட்டம். மத்தேயஸ் இப்போது அணித் தலைவர். லிட்பார்ஸ்கி மட்டும் செவில்யாவிலிருந்து இங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறார். எதிரே மரடோனாவின் அர்ஜென்டினா. 85-வது நிமிடம், கோல் எதுவும் இல்லை. பெனால்டி பகுதிக்குள் ஃபோலர் விழுகிறார். மெக்ஸிகோ நடுவர் எட்கார்டோ கோடெசால் விசிலை வாயில் வைக்கிறார். இம்முறை விசில் ஊதப்படுகிறது. பெனால்டி!

கோல் கம்பங்களுக்கு நடுவே செர்ஜியோ கோய்கோசெயா. காலிறுதி, அரையிறுதி இரண்டு ஷூட் அவுட்டிலும் தலா இரண்டாக நான்கு பெனால்டிகளைத் தடுத்து அர்ஜென்டினாவை இறுதிவரை தூக்கி வந்தவர். ஜெர்மனிக்கு பெனால்டி அடிப்பவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவை வீழ்த்திய ஒரே கோல் மத்தேயஸ் அடித்த பெனால்டிதான்.

ஆனால் மத்தேயஸ் பந்தின் பக்கமே போகவில்லை. உலகக் கோப்பையை வெல்லக் கிடைத்த ஒரே ஒரு அடி, அணித் தலைவர் அதை வேண்டாமென்று விட்டுவிடுகிறார். பயமா? கோய்கோசெயா மீதுள்ள அச்சமா? காரணம் அவர் காலில் இருந்தது. அரங்கில் இருந்த எவருக்கும் அப்போது அது தெரியாது. பந்தை எடுத்துக்கொண்டு வேறொருவர் நடக்கிறார்...

(அடுத்த வாரம்: ரோமில் கழற்றப்பட்ட பூட்ஸ்)